வாழிடமும் பறவைகளின் பாட்டும்

பறவையின் பாட்டு கேட்போரின் செவியை அடையுமுன் ஒரு வழியைக் கடந்தாக வேண்டும். அவ்வழி அடர்ந்த காடாயின், இலைகளும் அடிமரங்களும் குறுக்கிடுகின்றன. ஒலி காற்றில் வினாடிக்கு ஏறக்குறைய 340 மீட்டர் செல்வது. ஆகவே வினாடிக்கு 8,000 அதிர்வுகளுள்ள கீச்சொலியின் அலைநீளம் 4 சென்டிமீட்டருக்குச் சற்றே அதிகம். இச்சிற்றலைகளை இலைகள் எளிதிற் சிதறடித்துவிடும். 2,000 அதிர்வுகளுள்ள தாழ்ந்த ஒலியின் அலையோ 17 சென்டிமீட்டர் நீளமுடையதாதலின், அத்துணை சிதறாமல் அப்பாற் செல்லும். அன்றியும், அடிமரங்களிற் பட்டு மீளும் எதிரொலி விரைவான சுரங்களை ஒன்றோடொன்று கலந்துவிடுகிறது. கல்யாண மண்டபத்தில் வேகமாகப் பேசுவோரின் சொற்கள் விளங்காமற் போவதும் இக்காரணம் பற்றியே.

புல்வெளியில் எதிரொலி இல்லை; ஆயின் வெயிலேறியபின் காற்றின் சலனத்தால் ஒலி விட்டுவிட்டுக் கேட்கும். ஒரே சுரத்தை விரைந்து பன்முறை அடுக்கினால் சிலவேனும் போய்ச் சேரும். பனாமா நாட்டில் இவ்வேறுபாட்டை ஆராய்ந்து யூஜீன் மார்ட்டன் 1975-இல் வெளியிட்டார். இதற்கு விலக்குகளும் பல உண்டு. உடலின் பருமனும் அலகின் அமைப்பும் குரலுக்கு எல்லை வகுக்கின்றன.

நம் நாட்டில் இது தொடர்பாகக் கருதத்தக்கது சோலைக்கிளி. பெயரைக் கண்டு மயங்கவேண்டா, இது கிளியன்று. மலையாளத்தில் சிறு பறவை எதனையும் கிளி என்பர். மேற்குத் தொடர்ச்சி மலையில், ஏறக்குறைய 1,400 மீட்டருக்கு மேற்பட்ட சோலைக் காடுகளில், புதரடியில் வாழும் நீலநிறப் பறவை இது. தாழ்ந்த வெப்பநிலங்களில் இதற்கு இடமில்லையாதலால், ஒவ்வொரு மலையுச்சியும் இதற்கு ஒரு தீவாகும். பாலக்காட்டுக் கணவாய்க்கு வடக்கே ஓரினமும் தெற்கே மற்றோரினமும் வாழ்கின்றன. இவற்றை உள்ளடக்கிய பேரினத்துக்கு 2017-இல் சோலிகோலா என்று பெயரிடப்பட்டது.

பெங்களூரு ஆராய்ச்சி நிலையங்களில் பணியாற்றிய வி. வி. ராபின், அனிந்தியா சின்ஹா முதலியோர் இப்பறவைகளின் பாட்டைப் பல மலைகளிற் பதிவுசெய்து ஒப்பிட்டு, 2011-இல் முடிவுகளை வெளியிட்டனர். தொன்றுதொட்டுப் பிரிந்திருந்த கூட்டங்களின் பாட்டு வேறுபட்டிருந்ததில் வியப்பில்லை. ஆனால் மனிதர் காட்டை அழித்ததனால் அண்மைக் காலத்தில் பிரிந்து, மரபுக்கூறுகளில் இன்னும் வேறுபடாத கூட்டங்களிடையேயும் பாட்டு வேறுபட்டிருந்தது. பாடும் பறவைகள் தம் பாட்டைப் பிற பறவைகளிடம் கேட்டே கற்கின்றன. இடையே தேயிலைத் தோட்டமும் தைல மரமும் வந்து அக்கம்பக்கத்துக் குரல் கேளாதொழிந்தால், உடலமைப்பு மாறுவதற்கு நெடுங்காலம் முன்னரே பாட்டு மாறிவிடலாம். மாறிய பாட்டைப் பெண் பறவை ஏற்காவிடில், காட்டை மீண்டும் வளர்த்து இணைத்தாலும் இணைசேர்க்கை தடைப்படக்கூடும்.

நகரத்திற் குறுக்கிடுவது வாகனங்களின் தாழ்ந்த இரைச்சல். நெதர்லாந்தின் லைடன் நகரில், இரைச்சல் மிகுந்த இடங்களிலுள்ள பட்டாணிக் குருவிகள் தம் பாட்டின் தாழ்ந்த சுரங்களைச் சற்று உயர்த்திப் பாடுவதை 2003-இல் கண்டனர். பெங்களூரு ஆசிரியர்கள் லால்பாக்கில் குண்டுக்கரிச்சானைக் கொண்டு மாணவர்களுக்கு இத்தகைய ஒப்பீட்டைப் பயிற்றலாம். வேலைநாளின் காலையும் ஞாயிற்றுக்கிழமைக் காலையும் இதற்கு ஏற்றவை. வனப் பணியாளர் பாட்டைப் பதிவுசெய்யும்போது பறவையின் பெயருடன் நேரம், காற்று, மரவகை, அருகிலுள்ள சாலையின் தூரம் ஆகியவற்றையும் குறித்தல் வேண்டும். பாட்டுக் கேளாத நாட்களையும் தவறாது குறித்து வைக்க.