திரையின் வேகத்தை அளத்தல்

கணினித் திரையில் ஒருவர் பொத்தானொன்றை அழுத்தியதும் அது உள்ளே அமிழ்வதுபோலத் தோன்றுகின்றது, பட்டியல் விரிகின்றது, சாளரம் திறக்கின்றது. இவற்றை ஒவ்வொரு மென்பொருளாசிரியரும் புதிதாக ஆக்குவதில்லை. கதவு செய்யும் தச்சன் பிணைச்சலையும் பூட்டையும் கடையில் வாங்கிப் பொருத்துவதுபோல, ஆயத்தமாயுள்ள கருவித்தொகுதிகளிலிருந்து எடுத்துக்கொள்கின்றனர். 1995இல் வெளிவந்த கியூட், 1998இல் ஜாவாவின் பகுதியாக்கப்பட்ட சுவிங் என்பன இத்தகையன. இவற்றுள் விரைவானது எது?

ஆயிரம் பொத்தான்களை வரையச் செய்து மணிக்கூட்டைப் பார்த்தாற் போதாதோ எனச் சிலர் வினவலாம். போதாது. அமெரிக்காவின் மசாசுசெற்ஸ் தொழினுட்ப நிறுவகத்தில் 1984இல் தோன்றிய எக்ஸ் சாளர முறைமையை நோக்குக. அதில் வரையும்படி கேட்பது ஒரு நிரல். வரைவது வேறொரு நிரல். கேட்கும் நிரல் கட்டளைகளைச் சேர்த்துவைத்து, ஒருமிக்க அனுப்பிவிட்டு, அப்பாற் சென்றுவிடும். அக்கணத்தில் மணிக்கூட்டை நிறுத்துபவர், கடிதத்தைத் தபாற்பெட்டியில் இட்ட நேரத்தை அளந்தவரேயன்றி, அது கைசேர்ந்த நேரத்தை அளந்தவரல்லர். ஆதலால் அம்முறைமைக்குரிய சோதனை நிரலாகிய எக்ஸ்11பேர்ஃப், வரைந்த படத்தின் ஒரேயொரு புள்ளியைத் திருப்பிக் கேட்கின்றது. வரைந்து முடியாமல் அப்புள்ளியைக் கொடுத்தல் இயலாது. அவ்வாறு கேட்பதற்குச் செலவாகும் நேரத்தையும் அந்நிரல் கணக்கிற் கழித்துவிடுகின்றது. மிக நேர்மையான ஏற்பாடு!

சராசரியும் ஏமாற்றவல்லது. செக்கனுக்கு 60 முறை புதுப்பிக்கப்படும் திரையில் ஒரு படத்துக்குக் கிடைக்கும் அவகாசம் ஏறத்தாழ 16.7 மில்லிசெக்கனாகும். ஒரு தொகுதி 99 படங்களை ஐந்தைந்து மில்லிசெக்கனில் வரைந்து, நூறாவதற்கு 300 மில்லிசெக்கன் எடுக்கின்றதெனக் கொள்வோம். சராசரி 8 மில்லிசெக்கனுக்கும் சற்றுக் குறைவு. மற்றொன்று எல்லாவற்றையும் 12 மில்லிசெக்கனில் வரைகின்றது. சராசரி முன்னதற்கே பரிசளிக்கும். கண்ணோ பின்னதையே விரும்பும். ஐ.பி.எம். நிறுவனத்தைச் சேர்ந்த றொபேட் மில்லர், விசையை அழுத்தியதற்கான மறுமொழி 0.1 செக்கனைத் தாண்டலாகாதென 1968இலேயே எழுதினார். முன்னதன் நூறாவது படம் அவ்வெல்லையை மும்மடங்கு மீறுகின்றது. எனவே, மிக மோசமான தாமதம் எவ்வளவு என்பதையே முதலிற் கேட்டல் வேண்டும்.

எந்தக் கணினியில் அளக்கின்றனர் என்பதும் கவனிக்கத்தக்கது. அளப்பவரின் மேசையில் இருப்பது பெரும்பாலும் புத்தம்புதிய கணினி. பயன்படுத்துபவரோ, பத்தாண்டுப் பழைய கணினியின்முன் அமர்ந்து நோயாளரின் பெயரைப் பதியும் மருத்துவமனை எழுதுவினைஞராயிருக்கலாம். ஒவ்வோர் எழுத்தும் திரையில் தோன்றும்வரை அவர் காத்திருக்க, எதிரே வரிசை நீள்கின்றது. சோதனை நடைபெறவேண்டிய இடம் அந்த மேசையே.