மூலையில் சாய்ந்த பலகை

முக்காலி ஆடாது. மேடும் பள்ளமுமான களத்தில் கொண்டுபோய்ப் போட்டாலும் அதன் மூன்று கால்களும் மண்ணைத் தொட்டு நின்றுவிடும். நாற்காலிதான் ஆடும். ஒரு காலுக்கு அடியில் அட்டையை மடித்துச் செருகினால்தான் அடங்கும். ஒரே கோட்டில் இல்லாத மூன்று புள்ளிகள் வழியாக ஒரு தளம் போகும், ஒன்றே ஒன்றுதான் போகும். நான்காவது புள்ளி அதே தளத்தில் வந்து உட்கார வேண்டும் என்று கட்டாயம் எதுவும் இல்லை. நில அளவைக் கருவிகளுக்கும் கேமராத் தாங்கிகளுக்கும் மூன்று கால்கள் வைத்திருப்பது இதனால்தான்.

பன்னிரண்டாம் வகுப்பில் வெக்டர் பாடத்தை நான் சூத்திரங்களாகத்தான் படித்தேன். தளத்தின் சமன்பாட்டை வெக்டர் வடிவிலும் கார்ட்டீசியன் வடிவிலும் உருப்போட்டேன். கணக்குக்கு விடை வந்தது. ஆனால், அந்தச் சமன்பாட்டில் நிற்கும் எண்கள் யார், அவை எதைச் சொல்கின்றன என்று தெரியவில்லை. பல ஆண்டுகள் கழித்து, வீடு கட்டும்போது, மொட்டை மாடித் தளத்துக்குக் கொத்தனார் வாட்டம் பார்த்துக்கொண்டிருந்ததை அருகில் நின்று கவனித்தேன். பரந்து கிடந்த தளத்தை அவர் கண்ணால் அளக்கவில்லை. ரசமட்டத்தை வைத்துப் பார்த்தார், தூக்குக்குண்டைத் தொங்கவிட்டுப் பார்த்தார். ஒரு தளம் எப்படிக் கிடக்கிறது என்பதை அறிய அதற்குச் செங்குத்தாக எது நிற்கிறது என்று பார்த்தால் போதும். அந்தப் பாடத்தின் உயிர்நாடி இது.

ஒரு சின்ன அறையை எடுத்துக்கொள்வோம். நீளம் 12 அடி, அகலம் 9 அடி, உயரம் 8 அடி. தரையும் இரண்டு சுவர்களும் கூடும் ஒரு மூலையை ஆதிப்புள்ளி என்று வைத்துக்கொண்டால், அறைக்குள் இருக்கும் எந்தப் பொருளின் இடத்தையும் மூன்று எண்களால் சொல்லிவிடலாம்: நீளச் சுவரோடு எத்தனை அடி, அகலச் சுவரோடு எத்தனை அடி, மேலே எத்தனை அடி. இந்த மூலையிலிருந்து, எதிர் மூலையில் கூரை தொடும் இடத்துக்குக் கயிறு கட்டினால் எவ்வளவு வேண்டும்? தரையில் குறுக்காக அளந்தால் 12, 9 என்ற பக்கங்களுக்கு 15 அடி. அந்த 15-ஐயும் 8 அடி உயரத்தையும் சேர்த்தால் சரியாக 17 அடி. பிதாகரஸ் தேற்றத்தை இரண்டு முறை போட்டோம், அவ்வளவுதான்.

இனி அந்த மூலையில் பூனை குட்டி போட்டிருக்கிறது என்று வையுங்கள். அதை மறைக்க ஒரு முக்கோணப் பலகையைச் சாய்த்து வைக்கிறோம். அதன் ஒரு முனை நீளச் சுவரோரமாகத் தரையில் 6 அடியில், இன்னொரு முனை அகலச் சுவரோரமாகத் தரையில் 4 அடியில், மூன்றாவது முனை மூலையிலேயே 2 அடி உயரத்தில். பலகையின் பரப்பு என்ன? தரையோடு எவ்வளவு சாய்ந்திருக்கிறது? மூலைக்கும் பலகைக்கும் இடையே மிகக் குறைந்த தூரம் எவ்வளவு? மூன்று கேள்விக்கும் விடை ஒரே இடத்தில் இருக்கிறது.

நேர் மேலே இருந்து வெளிச்சம் விழட்டும். பலகையின் நிழல் தரையில் 6-க்கு 4 என்ற செங்கோண முக்கோணமாக விழும். பரப்பு 12 சதுர அடி. வெளிச்சத்தை நீளவாக்கில் அடித்தால் அகலச் சுவரில் விழும் நிழல் 4 சதுர அடி. அகலவாக்கில் அடித்தால் நீளச் சுவரில் 6 சதுர அடி. ஆக 4, 6, 12. இந்த மூன்று எண்களையும் ஒரு வெக்டராக எழுதினால், அது பலகைக்கு மிகச் சரியாகச் செங்குத்தாக நிற்கும் அம்பு! பலகையின் ஒரு முனையிலிருந்து புறப்படும் இரண்டு விளிம்புகளைக் குறுக்குப் பெருக்கல் செய்து பாதியாக்கினாலும் இதே அம்புதான் கிடைக்கும். குறுக்குப் பெருக்கலைக் கட்டம் போட்டுக் குறிகளைப் பார்த்துப் பார்த்துச் செய்த காலத்தில், நான் கணக்கிட்டுக்கொண்டிருந்தது நிழல்களின் பரப்பை என்று ஒருவர் சொல்லியிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்.

அந்த அம்பின் நீளம் பலகையின் பரப்பைச் சொல்கிறது. 4, 6, 12 ஆகியவற்றின் வர்க்கங்கள் 16, 36, 144. கூட்டினால் 196. அதன் வர்க்கமூலம் 14. பலகை 14 சதுர அடி. மூன்று நிழல்களின் வர்க்கங்களைக் கூட்டினால் பலகைப் பரப்பின் வர்க்கம் வருகிறது என்பது பிதாகரஸ் தேற்றத்தின் முப்பரிமாண உறவினர். பிரெஞ்சுக் கணிதர் தெ குவாவின் பெயரால் அது வழங்குகிறது. சாய்வும் இதிலேயே இருக்கிறது. பலகை 14, தரை நிழல் 12; இரண்டுக்கும் உள்ள விகிதமான ஏழில் ஆறு, சாய்கோணத்தின் கொசைன். கோணம் ஏறக்குறைய 31 டிகிரி.

மூலையிலிருந்து உள்ள தூரத்துக்குப் புள்ளிப் பெருக்கல் வேண்டும். ஒரு வெக்டர் இன்னொரு வெக்டரின் திசையில் எவ்வளவு தூரம் முன்னேறியிருக்கிறது என்பதைத்தான், அந்த இன்னொன்றின் நீள மடங்கில், அது அளக்கிறது. நம் அம்பைப் பாதியாகச் சுருக்கி 2, 3, 6 என்று வைத்துக்கொள்வோம். அதன் நீளம் 7. பலகையில் எந்தப் புள்ளியை எடுத்தாலும், அதன் முதல் எண்ணை 2 ஆலும், இரண்டாவதை 3 ஆலும், மூன்றாவதை 6 ஆலும் பெருக்கிக் கூட்டினால் 12 வரும். மூன்று முனைகளிலும் போட்டுப் பாருங்கள். இதுதான் பலகையின் சமன்பாடு. அம்பின் திசையில் சம தூரம் முன்னேறிய புள்ளிகள் எல்லாம் சேர்ந்ததே தளம். நிறைந்த குளத்தின் நீர்மட்டத்தில் எல்லாத் துளிகளும் ஒரே உயரத்தில் இருப்பது போல. 12-ஐ 7 ஆல் வகுத்தால் மூலைக்கும் பலகைக்கும் இடையிலான தூரம்: ஏறக்குறைய 1 அடி 8½ அங்குலம்.

சமன்பாட்டில் நின்ற எண்கள் செங்குத்து அம்பின் எண்கள். இது தெரிந்த பிறகு, இரண்டு தளங்களுக்கு இடைப்பட்ட கோணம் என்றால் இரண்டு அம்புகளுக்கு இடைப்பட்ட கோணம் என்றும், கோடு தளத்துக்கு இணை என்றால் அது அம்புக்குச் செங்குத்து என்றும் கணக்குகள் தாமாகவே வாய் திறக்கின்றன.

தாளில் வரைந்தால் காட்ட முடியாத விஷயம் ஒன்று முப்பரிமாணத்தில் உண்டு. தாளில் இரண்டு கோடுகள் ஒன்று வெட்டும், இல்லையென்றால் இணையாக ஓடும். வெளியில் மூன்றாவது வாய்ப்பு இருக்கிறது. ரயில்பாதைக்கு மேலே குறுக்காகப் போகும் மேம்பாலத்தைப் பாருங்கள். பாலமும் தண்டவாளமும் சந்திப்பதும் இல்லை, இணையாக ஓடுவதும் இல்லை. இவற்றை ஒரு தளம் அமையாக் கோடுகள் என்று பாடப்புத்தகம் சொல்கிறது. நம் அறையில் கட்டிய 17 அடிக் கயிறும், நீளச் சுவரின் மறுகோடியில் சுவர்கள் கூடும் செங்குத்து விளிம்பும் அப்படிப்பட்டவை. இரண்டும் மிக நெருங்கும் இடத்தில் இடைவெளி எவ்வளவு?

கயிற்றின் திசை 12, 9, 8. விளிம்பின் திசை 0, 0, 1. குறுக்குப் பெருக்கினால் இரண்டுக்கும் செங்குத்தான 9, −12, 0 வரும். நீளம் 15. மூலையிலிருந்து விளிம்பின் அடிக்குப் போகும் வெக்டர் 12, 0, 0. புள்ளிப் பெருக்கினால் 108. 15 ஆல் வகுத்தால் 7.2 அடி. விடை சரியா என்று பார்க்க, கூரையைத் திறந்து நேர் மேலே இருந்து பாருங்கள். செங்குத்து விளிம்பு ஒரு புள்ளியாகச் சுருங்கிவிடும். கயிறு, தரைச் செவ்வகத்தின் 15 அடி மூலைவிட்டமாகத் தெரியும். அந்தப் புள்ளியிலிருந்து மூலைவிட்டத்துக்குச் செங்குத்துத் தூரம் 12 பெருக்கல் 9 வகுத்தல் 15. அதே 7.2. ஒரு கோட்டின் வழியாகவே பார்த்தால் அது புள்ளியாகிவிடும் என்ற இந்தச் சின்ன உத்தியை, சூத்திரத்துக்கு முன்பே பிள்ளைகளுக்குக் காட்டிவிட வேண்டும் என்று நினைக்கிறேன்.

இந்தப் பெருக்கல்கள் எளிதில் கிடைத்துவிடவில்லை. அயர்லாந்தின் வில்லியம் ரோவன் ஹாமில்டன் மூன்று எண்கள் கொண்ட தொகுதிகளைப் பெருக்க வழி தேடி ஆண்டுக்கணக்கில் அலைந்தார். காலை உணவுக்கு இறங்கி வரும்போதெல்லாம், இன்று பெருக்க முடிந்ததா என்று மகன்கள் கேட்பார்களாம். கூட்டவும் கழிக்கவும்தான் முடிகிறது என்று தலையசைப்பாராம். 1843 அக்டோபர் 16 அன்று மனைவியோடு டப்ளினின் ராயல் கால்வாய்க் கரையில் நடந்துகொண்டிருந்தபோது விடை மின்னியது: மூன்று எண்கள் போதாது, நான்கு வேண்டும். புரூம் பாலத்தின் கல்லிலேயே அந்த விதியைக் கத்தியால் கீறிவைத்தார். இன்று அங்கே நினைவுப் பலகை இருக்கிறது. அவருடைய நான்கெண் பெருக்கலுக்குள் புள்ளிப் பெருக்கலும் குறுக்குப் பெருக்கலும் ஒட்டிப் பிறந்த இரட்டையராக இருந்தன. அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் கிப்ஸும், இங்கிலாந்தில் ஹெவிசைடும் 1880-களில் தனித்தனியே அவற்றைப் பிரித்தெடுத்தார்கள். நம் புத்தகத்தில் தொப்பி போட்டு நிற்கும் ஐ, ஜே, கே மூன்றும் ஹாமில்டன் வைத்த எழுத்துகள்.

அதே காலத்தில், இன்னும் விரிந்த ஒரு கணிதத்தை 1844-இல் நூலாக வெளியிட்டார் ஸ்டெட்டின் நகரத்துப் பள்ளி ஆசிரியர் ஹெர்மன் கிராஸ்மன். கிட்டத்தட்ட யாரும் படிக்கவில்லை. பின்னாளில் அவர் மொழி ஆய்வில் இறங்கி, ரிக்வேதத்துக்கு அகராதி செய்து, அதை ஜெர்மனில் மொழிபெயர்த்தார். கணிதத்தில் கிடைக்காத மதிப்பு மொழியியலில் அவருக்குக் கிடைத்தது. அந்த 1844-ஆம் ஆண்டு நூலை நினைக்கும்போதெல்லாம் மனம் கனக்கும்.

இன்று கணினி விளையாட்டிலும் அசைவூட்டப் படத்திலும் ஒவ்வொரு ஒளிக்கதிரும் ஒரு கோடு, ஒவ்வொரு பொருளும் சின்னச் சின்ன முக்கோணத் தளங்களின் தொகுப்பு. கதிர் எந்த முக்கோணத்தை எங்கே தொடுகிறது, அங்கே செங்குத்து அம்பு எந்தப் பக்கம் பார்க்கிறது என்ற கணக்கு, திரையின் ஒவ்வொரு புள்ளிக்கும் நடக்கிறது; விளையாட்டில் நொடிக்குப் பலமுறை.

எனக்கு அதைவிடப் பிடித்தது மீத்தேன். சாண எரிவாயுவில் இருக்கும் அதே மீத்தேன். அதன் கார்பன் அணுவைச் சுற்றி நான்கு ஹைட்ரஜன்கள் நான்முகியின் முனைகளில் நிற்கின்றன. கார்பனின் பிணைப்புகள் அப்படித்தான் விரிகின்றன என்று 1874-இல் வேதியியலர்கள் வான்ட் ஹாஃபும் லெ பெல்லும் தனித்தனியே சொன்னார்கள். ஒரு கனசதுரத்தின் நடுவில் கார்பனை வைத்து, ஒன்றுவிட்டு ஒன்றாக நான்கு மூலைகளில் ஹைட்ரஜன்களை வையுங்கள். ஒரு பிணைப்பு 1, 1, 1 என்ற திசையில் போனால் இன்னொன்று 1, −1, −1 என்ற திசையில் போகும். புள்ளிப் பெருக்கினால் −1. இரண்டின் நீளமும் மூன்றின் வர்க்கமூலம். ஆகவே கொசைன், குறை மூன்றில் ஒன்று. கோணம் 109 டிகிரி 28 நிமிடம். வேதியியல் பாடத்தில் நான் மனப்பாடம் செய்த எண். இரண்டு புத்தகங்களும் ஒரே பைக்குள், ஒன்றின் மேல் ஒன்றாக, அந்த வருடம் முழுக்க என் தோளில்தான் இருந்தன.