இரண்டு நாற்காலி, ஒரே ஆள்

திங்கட்கிழமை, புதுக்கோட்டை ஆட்சியர் அலுவலகம். கல்குவாரியை எதிர்த்து ஒருவர் மனுவோடு வரிசையில் நிற்கிறார் என்று வைத்துக்கொள்வோம். மனுவை வாங்குவது கலெக்டர். குவாரிக்குக் குத்தகை தருவதும் கலெக்டர். 2016 ஜனவரியில் மத்திய அரசு ஒரு அறிவிக்கை வெளியிட்டது. ஐந்து ஹெக்டேர் வரையிலான சிறுகனிமக் குவாரிகளுக்குச் சுற்றுச்சூழல் அனுமதி தர மாவட்டத்துக்கு ஒரு ஆணையம் என்றது. அதற்குத் தலைவர் யார்? அவரேதான். 'இது ஆகாது, திருத்து' என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் சொல்ல 2018 செப்டம்பர் ஆயிற்று. அதற்குப் பிறகே அனுமதி மாநில அளவுக்குப் போனது.

நல்ல கலெக்டர் வந்தால் எல்லாம் சரியாயிடும்ங்கிறது நம்மிடையே உலவும் கதையாடல். இரட்டைப் பதவி என்பதைத் தனிமனித நேர்மையின் பிரச்சினையாக அது சுருக்கிவிடுகிறது. பழைய புதுக்கோட்டையையே பார்க்கலாம். 1878இல் சமஸ்தானத்துக்குத் திவானாக வந்தவர் ஏ. சேஷய்ய சாஸ்திரி. 1886இல் பட்டமேறிய மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் சிறுவன். எனவே 1894 வரை சாஸ்திரியே ரீஜெண்டும் ஆனார். திவான் என்பவர் ராஜாவுக்குக் கணக்குச் சொல்ல வேண்டியவர். ராஜாவின் இடத்திலும் அவரே இருந்தால் கணக்கை யாரிடம் சொல்வது? சாஸ்திரி திறமையான ஆள்தான். நகரத்தைச் சீரமைத்தவர் அவர். ஆனாலும் அவரைக் கேட்கக்கூடிய இடத்தில் இருந்தது பிரிட்டிஷாரின் அரசியல் ஏஜெண்ட். அவர் யாரென்றால் திருச்சி கலெக்டர், தன் ஜில்லாவுக்கு மாஜிஸ்திரேட்டும்கூட! குடிகள் இந்தச் சுற்றுக்கு வெளியேதான் நின்றார்கள்.

அதிகாரப் பிரிவினைக்குப் பேர்போன அமெரிக்காவிலும் ஆரம்பத்தில் இதே கதைதான். 1787இல் எழுதிய அரசியல் சட்டம் காங்கிரஸ் உறுப்பினர் கூட்டாட்சி அரசில் வேறு பதவி வகிப்பதைத் தடுத்தது, நீதிபதியை விட்டுவிட்டது. 1801 பிப்ரவரியில் தலைமை நீதிபதியான ஜான் மார்ஷல் இன்னும் ஒரு மாதம் வெளியுறவுச் செயலராகவும் இருந்தார். அவருடைய அலுவலகத்தில் பட்டுவாடா ஆகாமல் கிடந்த நியமன ஆணையைக் கேட்டுத்தான் மார்பரி வழக்குப் போட்டார். 1803இல் தீர்ப்பெழுதியது அதே மார்ஷல். நீதிமன்றம் சட்டத்தையே செல்லாது என்று சொல்லலாம் எனக் காட்டிய மாபெரும் தீர்ப்பு என்று அதைத்தான் இன்றும் கொண்டாடுகிறார்கள், வேடிக்கைதான்.

நம் அரசியல் சட்டத்தின் 50ஆவது பிரிவு நீதியை நிர்வாகத்திலிருந்து பிரிக்கச் சொல்கிறது. புதுக்கோட்டை மாவட்டம் பிறந்தது 1974 ஜனவரி 14. அதே ஆண்டு ஏப்ரல் 1இல் நடைமுறைக்கு வந்த குற்றவியல் நடைமுறைச் சட்டம், நீதித்துறை மாஜிஸ்திரேட் வேறு, நிர்வாக மாஜிஸ்திரேட் வேறு என்று நாட்டின் பெரும்பகுதிக்கும் பிரித்தது. வழக்கு விசாரணை கலெக்டர் கையைவிட்டுப் போனது. ஊர்வலத்தை நிறுத்தும் 144 மட்டும் அங்கேயே தங்கியது. 2024 ஜூலையிலிருந்து அதற்கு 163 என்று பெயர்.

குவாரி மனு எழுதும் தோழர்கள் ஒரு நகலை மாநிலச் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு ஆணையத்துக்கும் அனுப்பி, ஒப்புகைச் சீட்டைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.