ஆட்டிசம் உள்ள பிள்ளைகளும் நமது கடைகளும்

நமது கடைகளுக்கு வரும் பிள்ளைகளில் சிலர் நம் முகத்தைப் பார்ப்பதில்லை. கேட்ட கேள்வியையே திருப்பிச் சொல்வார்கள். மூட்டை இறக்கும் சத்தத்துக்குக் காதைப் பொத்திக்கொள்வார்கள். 'வளர்த்த விதம் சரியில்லை' என்று பக்கத்தில் நிற்பவர் முணுமுணுக்க, தாயார் தலைகுனிந்து பையை எடுத்துக்கொண்டு போய்விடுவார்.

வளர்ப்பில் குறை ஏதுமில்லை. இதற்கு ஆட்டிசம் என்று பெயர். தமிழில் மதி இறுக்கம் என்கிறார்கள். மூளை வளரும் விதத்தில் உள்ள வேறுபாடு இது. தடுப்பூசியால் வருவதில்லை, மருந்தால் போவதுமில்லை. சிறு வயதிலேயே பயிற்சி தொடங்கினால் பேச்சும் பழக்கமும் மேம்படும். முழுதாகக் குணமாக்குகிறேன் என்று ஆயிரக்கணக்கில் கேட்பவர்களிடம், சரக்கைப் பார்க்காமல் முன்பணம் கொடுக்காத நாம் ஏமாறலாகாது.

2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் ஆட்டிசமும் சேர்க்கப்பட்டுள்ளது. 40 சதவீதத்துக்குக் குறையாத பாதிப்பு என்று சான்று பெற்ற பிள்ளைக்கு 6 வயது முதல் 18 வயது வரை அருகிலுள்ள பள்ளியிலோ சிறப்புப் பள்ளியிலோ இலவசக் கல்வி உரிமை உண்டு. அப்படியிருந்தும் 'வேறு பள்ளி பாருங்கள்' என்ற பதிலோடு திரும்பும் பெற்றோர் நம் கடைத்தெருவிலேயே இருக்கிறார்கள்.

பள்ளியில் படித்த கணக்கைப் பிள்ளை பழகிப் பார்க்கும் இடம் மளிகைக் கடைதான். சீட்டும் பணமும் கொடுத்து அனுப்புகிறார்கள். நாம் அவசரப்படுத்தாமல், ஒரு நேரத்தில் ஒரு கேள்வி மட்டும் கேட்க வேண்டும். பதிலுக்குச் சற்றுப் பொறுக்க வேண்டும். கேட்ட சோப்பு இல்லையென்றால் வேறொன்றைச் சொல்லாமல் பையில் போடக்கூடாது. அந்தச் சிறு மாற்றமே பிள்ளையைக் கலங்கடித்துவிடும். மீதிச் சில்லறையை எண்ணிக் காட்டிக் கொடுக்க வேண்டும். பிரிட்டனில் மாரிசன்ஸ் என்னும் பெரிய பலசரக்கு நிறுவனம் 2018-இல் சனிக்கிழமை காலை ஒரு மணி நேரம் பாட்டை நிறுத்தி, விளக்கையும் குறைத்து இத்தகையவர்களை வரவேற்றது. நமக்கு அந்தச் சிரமமும் இல்லை. பிற்பகல் இரண்டு மணிக்கு ஈதானே ஓட்டுகிறோம்! அந்த நேரத்தில் அனுப்பச் சொல்லலாம்.

பதினெட்டு வயதுக்குப் பிறகுதான் பெரிய கஷ்டம். பள்ளி முடிந்ததும் பிள்ளை வீட்டுக்குள்ளேயே அடைபடுகிறான். நமக்குத் தெரிந்த பருப்பு வியாபாரி ஒருவரின் மகன் கடுகையும் சீரகத்தையும் நூறு கிராம் பொட்டலமாக எடை போட்டு லேபிள் ஒட்டுகிறான். எடை பிசகுவதில்லை. அதே மேஜை, அதே வரிசை, வேலை சொல்ல ஒரே ஆள். இதை மாற்றினால் அன்றைய வேலை நடக்காது. எல்லாருக்கும் இது கைவராது. ஆயுள் முழுதும் துணை தேவைப்படுபவர்களும் உண்டு. முடிகிறவர்களுக்கு வேலை கொடுப்போர், தர்மமாக நினைத்துக் குறைக்காமல் முழுக் கூலி கொடுக்க வேண்டும்.

'நமக்குப் பின் யார்?' என்பதுதான் பெற்றோரைத் தூங்கவிடாத கவலை. மூத்தவன் பார்த்துக்கொள்வான் என்று வாய்வார்த்தையாக விட்டுவிடுகிறோம். கடைப் பங்கை மட்டும் பத்திரத்தில் எழுதுகிறோம். 1999-ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி, பதினெட்டு வயது நிரம்பியவருக்குச் சட்டபூர்வக் காப்பாளரை நியமிக்க, மாவட்ட ஆட்சியர் தலைமையிலான உள்ளூர்க் குழுவிடம் மனுச் செய்யலாம். அதே அறக்கட்டளையின் நிராமயா திட்டத்தில் ஒரு லட்சம் ரூபாய் வரை மருத்துவக் காப்பீடும் உண்டு. இவற்றுக்கான விண்ணப்பங்களை நமது சங்க அலுவலகத்தில் வாங்கி வைத்து, நிரப்பிக் கொடுக்கவும் ஒருவரை நியமிக்குமாறு அடுத்த செயற்குழுவில் கேட்க இருக்கிறோம்.