காரின் சைலன்சருக்கு எந்தப் பெயின்ட்?

புகைக்குழாய்க்குப் பூச வேண்டும் என்று பெயின்ட் கடையில் கேட்டால், பெரும்பாலும் வெள்ளி நிற அலுமினியம் பெயின்ட் டப்பா ஒன்றை எடுத்து வைப்பார்கள். ஸ்ப்ரே கேன் தேடிப் போனாலோ 600, 1200, 2000 என்று ஒன்றைவிட ஒன்று பெரிய எண்கள் கண்ணில் படும். எண் பெரிதாக இருந்தால் தாங்கும் சக்தியும் பெரிதுதானே, அதையே வாங்கிவிடுவோம் என்று தோன்றுவது இயல்பு. ஆனால் புகைக்குழாயின் பாதி நீளத்துக்கு அந்த முடிவு பொருந்தாது. எந்தப் பாகம் எவ்வளவு சுடும் என்று தெரிந்த பிறகுதான் டப்பாவைப் பார்க்க வேண்டும்.

பெட்ரோல் எஞ்சினை முழுமூச்சில் ஓட்டும்போது சிலிண்டரிலிருந்து வரும் புகை 800, 900 டிகிரி செல்சியஸ் வரை போகும். அதை முதலில் வாங்கிக்கொள்வது மேனிஃபோல்டு. நகரத்துக்குள் ஓட்டும்போது அதன் வெளிப்பரப்பு 300, 400 டிகிரியில் நிற்கும். பாரத்தோடு மலைப்பாதையில் ஏறினால் 600-ஐத் தொடலாம். டர்போ உள்ள வண்டியில் டர்போவின் இரும்புக்கூடு இருட்டில் சிவந்து ஒளிரும் அளவுக்குச் சுடும். கேட்டலிட்டிக் கன்வர்ட்டர் வேலை செய்யவே சில நூறு டிகிரி சூடு வேண்டும். 2020 ஏப்ரலில் பி.எஸ். 6 விதி வந்த பிறகு, அது சீக்கிரம் சூடேறட்டும் என்று எஞ்சினை ஒட்டியே வைப்பது பரவலாகிவிட்டது. அதைத் தாண்டி வரும் நடுக்குழாய் ஏறக்குறைய 200 முதல் 350 டிகிரி. கடைசியில் பம்பருக்கு அடியில் தொங்கும் சைலன்சர் அன்றாட ஓட்டத்தில் 100, 150 டிகிரியிலேயே இருக்கும்.

டீசல் வண்டியின் புகை பொதுவாகப் பெட்ரோலைவிடக் குளிர்ந்தது. ஆனால் கரித்துகள் வடிகட்டி உள்ள டீசல் வண்டியில், சேர்ந்த கரியை எரிக்கும் நேரத்தில் வடிகட்டிப் பகுதி 600 டிகிரியை எட்டும். டீசல்தானே என்று அந்த இடத்துக்குச் சாதாரணப் பெயின்ட் பூசக் கூடாது.

உங்கள் வண்டியின் கணக்கு வேண்டுமென்றால் இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டர் ஒன்று போதும். பளபளப்பான உலோகத்தில் அது குறைத்துக் காட்டும் என்பதால், அளக்கும் இடத்தில் கருப்பு ஹீட் பெயின்ட்டில் ஒரு பொட்டு வைத்துவிட்டு அங்கே அளக்க வேண்டும். அரைமணி நேரம் நன்றாக ஓட்டிவிட்டு, நிறுத்திய உடனே அளந்தால் ஓரளவு உண்மையான எண் கிடைக்கும்.

இனி டப்பாவுக்குள் இருப்பதைப் பார்ப்போம். பெயின்ட் என்பது நிறமியும், அதை உலோகத்தோடு பிடித்துவைக்கும் பிசினும். சூட்டில் முதலில் தோற்பது பிசின். வீட்டு கேட்டுக்குப் பூசும் எனாமலின் பிசின் தாவர எண்ணெய் சேர்த்துச் செய்த கரிமப் பொருள். 120 டிகிரியைத் தாண்டினாலே மஞ்சளிக்கத் தொடங்கி, இன்னும் ஏறினால் கருகி உதிரும். சூடு தாங்கும் பெயின்ட்டில் இருப்பது சிலிக்கோன் பிசின். அதன் சங்கிலி சிலிக்கானும் ஆக்சிஜனும் மாறிமாறிக் கோத்தது. மணலிலும் கண்ணாடியிலும் உள்ள அதே பிணைப்பு. சங்கிலியின் பக்கவாட்டில் மட்டும் கரிமக் கூட்டங்கள் ஒட்டியிருக்கும். சூடு 350, 400 டிகிரியைத் தாண்டும்போது அவை மெல்ல எரிந்து வெளியேறுகின்றன. எஞ்சும் சிலிக்கா, நிறமியோடும் அலுமினியத் துகளோடும் இறுகி, பீங்கானை ஒத்த மெல்லிய படலமாகிறது. 600 டிகிரி தாங்கும் என்று எழுதியிருப்பதன் பொருள் இதுதான்: நாம் பூசிய பெயின்ட் அப்படியே இருக்காது, தன்னில் ஒரு பகுதியை இழந்து வேறொன்றாக மாறி நிற்கும்.

இந்த வேதியியலுக்கு இன்னொரு பக்கம் உண்டு, அதைக் கடையில் யாரும் சொல்வதில்லை. முழுச் சிலிக்கோன் பிசின் சரியாக இறுகவே 200 டிகிரிக்கு மேல் சூடு வேண்டும். காற்றில் அது தொட்டால் ஒட்டாத அளவுக்கு உலரும். ஆனால் உள்ளுக்குள் மென்மையாகவே இருக்கும். நகம் பட்டால் கீறும், பெட்ரோல் பட்டால் கரையும். பின்னால் தொங்கும் சைலன்சரோ அந்தச் சூட்டைக் காண்பதே அரிது. அதில் 650 டிகிரி பெயின்ட்டை அடித்தால், இறுகாத படலத்தைச் சரளைக்கல்லும் மழைச்சேறும் ஒரே மழைக்காலத்தில் உரித்துவிடும். சைலன்சருக்கும் வால்குழாய்க்கும் பொருத்தமானது, சிலிக்கோனோடு அல்கிட் அல்லது அக்ரிலிக் பிசின் கலந்து, காற்றிலேயே இறுகும், 200 முதல் 300 டிகிரி வரை தாங்கும் வகை. எஞ்சின் எனாமல் என்று விற்கும் ஸ்ப்ரேக்கள் பல இந்த ரகம்தான், எண்ணெய்க்கும் அசையாது. மேனிஃபோல்டுக்கு அதே எஞ்சின் எனாமலை அடித்தால் முதல் நெடும்பயணத்திலேயே கருகும். ஒரே காருக்கு இரண்டு டப்பா வாங்க வேண்டியிருந்தால் வாங்குவதே சரி.

டப்பாவின் எண்ணைப் படிக்கும்போது அது செல்சியஸா பாரன்ஹீட்டா என்று பாருங்கள். வெளிநாட்டு ஸ்ப்ரேயில் 1200 என்றிருப்பது பாரன்ஹீட். நம் கணக்கில் 650. 600 பாரன்ஹீட் என்பது வெறும் 315. அடுத்து, அந்த எண் தொடர்ந்து தாங்கும் அளவா, அவ்வப்போது எட்டிப் பார்க்கும் உச்சமா என்பது. பெரிய எழுத்தில் உச்சத்தைப் போட்டுவிட்டு, தொடர் அளவை டப்பாவின் பின்புறம் சிறிய எழுத்தில் போடும் வழக்கம் உண்டு. தேர்வு செய்ய வேண்டியது பின்புற எண்ணை வைத்து.

நிறத்தில் அதிகம் ஆசைப்பட முடியாது. சிவப்பு, நீலம் என்று கண்ணைப் பறிக்கும் கரிம நிறமிகள் சூட்டில் வெளுத்துவிடும். மஞ்சள் இரும்பு ஆக்சைடு 200 டிகிரிக்கு அருகில் தன்னுள் இருக்கும் நீரை இழந்து செந்நிறமாகும். கருப்பிலும் தரம் உண்டு: சாதாரணக் கரி நிறமி கடுஞ்சூட்டில் எரிந்துபோகும், கருப்பு இரும்பு ஆக்சைடு பழுப்பேறும். நல்ல ஹீட் பெயின்ட்டில் செம்பும் குரோமியமும் சேர்ந்த, அல்லது மாங்கனீசும் இரும்பும் சேர்ந்த ஆக்சைடுக் கருப்பைப் பயன்படுத்துகிறார்கள். வெள்ளி நிறம் அலுமினியச் சிதள்களால் வருவது. அவை ஓடு வேய்ந்ததுபோல் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்து ஈரத்தையும் தடுக்கின்றன. அலுமினியம் உருகுவது 660 டிகிரியில் என்பதால் வெள்ளிப் பெயின்ட்டின் எல்லை 600-ஐ ஒட்டியே நிற்கிறது. மேனிஃபோல்டுக்குக் கருப்பு அல்லது சாம்பல், நடுக்குழாய்க்கு வெள்ளி என்பது என் தேர்வு.

நம் ஊர் ஒர்க்ஷாப்பில் நடக்கும் பெரிய தவறு ரெட் ஆக்சைடு. இரும்பு என்றாலே முதலில் ரெட் ஆக்சைடு அடித்துப் பழகிய கை, சைலன்சருக்கும் அதையே அடிக்கிறது. அந்தப் பிரைமரின் பிசினும் எனாமலின் பிசின்தான். மேலே எவ்வளவு விலை உயர்ந்த பெயின்ட் இருந்தாலும் அடியிலிருப்பது கருகினால் இரண்டும் சேர்ந்தே உரியும். பட்டி பார்ப்பதும் அப்படியே. சூடு தாங்கும் பெயின்ட்டைப் பொதுவாக வெறும் உலோகத்தின் மேலேயே அடிக்க வேண்டும். பிரைமர் தேவையென்றால் அதே நிறுவனம் அதே பெயின்ட்டுக்கென்று தருவதை மட்டும் வாங்க வேண்டும். துத்தநாகப் பிரைமர் துருவுக்கு நல்லது, ஆனால் துத்தநாகம் 419 டிகிரியில் உருகும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் அதை அடிக்கவே கூடாது. உருகிய துத்தநாகம் அந்த எஃகுக்குள் புகுந்து வெடிப்பு விடச் செய்யும். பவுடர் கோட்டிங் கடைகளில் போடும் பாலியெஸ்டர் பவுடரும் மேனிஃபோல்டுப் பக்கத்துக்கு ஆகாது. சூடு தாங்கும் சிலிக்கோன் பவுடர் தனியாக இருக்கிறது, கேட்டு உறுதி செய்துகொள்ள வேண்டும்.

பூசும் முன் துருவை எடுப்பதில்தான் பாதி ஆயுள் இருக்கிறது. பாகத்தைக் கழற்ற முடிந்தால் சாண்ட் பிளாஸ்டிங் சிறந்தது. முடியாவிட்டால் ஒயர் பிரஷும் 80 முதல் 120 நம்பர் உப்புத்தாளும் வைத்து உலோகம் தெரியும்வரை தேய்க்க வேண்டும். பிறகு தின்னர் அல்லது அசிட்டோனில் நனைத்த சுத்தமான துணியால் துடைத்து, அதன் பிறகு வெறும் கையால் தொடாமல் இருக்க வேண்டும். பெட்ரோலால் துடைத்தால் எண்ணெய்ப் படலம் மிஞ்சும், தீ ஆபத்தும் கூடும். பழைய வார்ப்பிரும்பு மேனிஃபோல்டு எண்ணெயை உறிஞ்சி வைத்திருக்கும். ஒருமுறை சூடாக்கி அதைக் கசியவிட்டு, ஆறியபின் மீண்டும் துடைத்தால்தான் பெயின்ட் பிடிக்கும். ஆக்சிஜன் சென்சாரைக் கழற்றி வைத்து, அதன் துளையை அடைத்துவிடுங்கள். சிலிக்கோன் ஆவி அதைக் கெடுக்கும். கேஸ்கெட் உட்காரும் முகப்பிலும், ரப்பர் மாட்டியிலும், வலைபோல் வளையும் குழாய்ப் பகுதியிலும் பெயின்ட் படக் கூடாது. அடியில் படுத்து வேலை செய்வதானால் வண்டி ஜாக்கியில் மட்டும் நிற்கக் கூடாது, ஸ்டாண்ட் கட்டாயம்.

மெல்லிய இரண்டு பூச்சு போதும், இரண்டும் சேர்ந்து 50 மைக்ரான், அதாவது ஒரு மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்கு. கெட்டியாகப் பூசினால் பலம் என்ற எண்ணம் இங்கே தலைகீழாகும். ஒரு மீட்டர் இரும்புக் குழாய் 500 டிகிரி சூடேறினால் சுமார் 6 மில்லிமீட்டர் நீளும். 304 ரக ஸ்டெயின்லெஸ் என்றால் 8-க்கும் மேல். தடித்த படலத்தால் அந்த நீட்சியோடு நீள முடியாமல் வெடிக்கும். உள்ளே மாட்டிய தின்னர் ஆவியாகும்போது கொப்புளமும் வரும்.

பிறகு சூட்டில் பதப்படுத்தல். புதுத் தோசைக்கல்லைப் பழக்குவதுபோல் இதையும் படிப்படியாகச் செய்ய வேண்டும். கழற்றிய பாகத்துக்குப் பரவலாகச் சொல்லப்படும் முறை: 120 டிகிரியில் அரைமணி, ஆறவிட்டு 200 டிகிரியில் அரைமணி, மீண்டும் ஆறவிட்டு 315 டிகிரியில் அரைமணி. சமையலறை அவனில் இதைச் செய்யக் கூடாது. வண்டியிலேயே பதப்படுத்துவதென்றால், டப்பாவில் சொன்ன நேரம் உலரவிட்டபின், பத்து நிமிடம் ஐடிலில் ஓடவிட்டு முழுதும் ஆறவிடுங்கள். அடுத்து இருபது நிமிடம், மறுபடி ஆறவிடல். அதன் பிறகு நெடுஞ்சாலையில் அரைமணி ஓட்டம். முதல் முறை புகையும் நெடியும் வரும், பயப்பட வேண்டாம். ஆனால் இதை மூடிய ஷெட்டுக்குள் செய்யாதீர்கள். பதப்படும் முன் மழைநீரில் இறங்கினால் செய்த வேலை வீண்.

எல்லாப் புகைக்குழாய்க்கும் பெயின்ட் தேவையில்லை. இப்போதைய பல கார்களில் இருப்பது 409 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். அதில் குரோமியம் 11 விழுக்காடு அளவுக்குத்தான் என்பதால் மேலே பழுப்புத் துரு படியும், ஆனால் அது ஆழமாக அரிக்காது. காந்தம் வைத்துப் பார்த்தால் 409-லும் ஒட்டும், சாதாரண இரும்பிலும் ஒட்டும். அந்தச் சோதனையை நம்பி முடிவெடுக்க முடியாது. சில சைலன்சர்களில் இரும்பின் மேல் அலுமினியம் பூசியே வரும். துரு இல்லாத அந்தப் பரப்பை உப்புத்தாளால் தேய்த்தால் நல்ல காப்பை நாமே சுரண்டி எடுப்பதாகும்.

சைலன்சரின் அடிப்பகுதி பெரும்பாலும் அரிப்பது உள்ளிருந்து. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக வெளியேறுகிறது. கடைக்கும் பள்ளிக்கும் என்று சிறு தூரமே ஓடும் காரில் குழாய் முழுதாகச் சூடேறாது. ஆவி உள்ளேயே குளிர்ந்து, அமிலம் கலந்த நீராகச் சைலன்சரின் அடியில் தேங்கும். அது வடியவே பல சைலன்சர்களின் அடியில் சிறு துளை விட்டிருப்பார்கள். பெயின்ட் அடிக்கும்போது அதை அடைத்துவிடாதீர்கள். வேலையைத் தொடங்கும் முன் ஸ்குரூ டிரைவரின் பிடியால் அடிப்பக்கம் முழுக்கத் தட்டிப் பாருங்கள். கணீரென்று கேட்டால் பூசலாம். மொத்தென்று கேட்டாலோ, தட்டிய இடம் உள்வாங்கினாலோ, தகடு தேய்ந்துவிட்டது. பெயின்ட் வாங்கும் பணத்தை வெல்டிங்குக்கோ புது சைலன்சருக்கோ வையுங்கள். அதைத் தள்ளிப்போடவும் வேண்டாம்; அந்த ஓட்டை வழியாகக் கசிந்து காருக்குள் வரக்கூடிய கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை.