எந்த ராமச்சந்திரன்?

1941-இல் வெளிவந்த 'சபாபதி' படத்தில் எஜமானுக்கும் சபாபதி என்று பெயர், வேலைக்காரனுக்கும் சபாபதி என்றே பெயர். பம்மல் சம்பந்த முதலியாரின் நாடகம் அது. ஒரே வீட்டில் ஒரே பெயரில் இரண்டு அப்பாவிகள் இருந்தால் எப்படி இருக்கும் என்று காட்டித் தமிழ்நாட்டையே சிரிக்க வைத்த படம். வேலைக்காரனாக காளி என். ரத்தினமும், உருண்டை விழிகளை உருட்டும் எஜமானாக டி.ஆர். ராமச்சந்திரனும் நடித்தார்கள்.

அந்தப் படம் ராமச்சந்திரனைப் பெரிய நட்சத்திரம் ஆக்கியது. அதே வருடங்களில் சின்னச் சின்ன வேடங்களில் முகம் காட்டிக்கொண்டிருந்த இன்னொரு ராமச்சந்திரனும் சென்னையில் இருந்தார். இருவரும் 1917-இல் பிறந்தவர்கள். இரண்டாமவர் 1936-இல் 'சதி லீலாவதி'யில் அறிமுகமாகி, கதாநாயகன் ஆவதற்கு 1947-இன் 'ராஜகுமாரி' வரை காத்திருந்தார். அவருடைய ஆரம்பகாலப் படங்களின் டைட்டில் கார்டில் பெயர் 'ராமச்சந்தர்' என்று இருக்கும். ஏற்கெனவே புகழ்பெற்றிருந்த டி.ஆர். ராமச்சந்திரனோடு குழப்பம் வரக்கூடாது என்பதற்காகவே இந்த மாற்றம் என்று சினிமா வரலாறு எழுதியவர்கள் சொல்வதுண்டு. பின்னாளில் எம்.ஜி.ஆர். என்ற மூன்றெழுத்து ஆனவர், அப்போது வேறொருவருக்கு வழிவிட்டுத் தன் பெயரின் வாலைக் கொஞ்சம் நறுக்கிக்கொள்ள வேண்டியிருந்தது.

காலம் மாறியது. 1966-இல் 'அன்பே வா' வந்தபோது எம்.ஜி.ஆர். கதாநாயகன், நாயகி சரோஜாதேவிக்கு அப்பாவாக நடித்தவர் டி.ஆர். ராமச்சந்திரன். இரண்டு ராமச்சந்திரன்களும் ஒரே படத்தில். இன்று அந்தப் பெயரைச் சொன்னால் யார் நினைவுக்கு வருவார் என்று சொல்லத் தேவையில்லை. கருப்பு வெள்ளைக் காலத்தின் மிக நுட்பமான நகைச்சுவை நடிகர்களில் ஒருவரைப் பெயரின் நிழல் விழுங்கிவிட்டது என்பது வருத்தமான விஷயம்.

தமிழர்களிடையே இப்படிப் பெயர் மோதுவதற்குக் காரணம் உண்டு. குடும்பப் பெயரைக் கடைசியில் ஒட்டும் வழக்கம் நம்மில் பெரும்பாலோருக்குக் கிடையாது. தாத்தாவின் பெயரைப் பேரனுக்கும், பாட்டியின் பெயரைப் பேத்திக்கும் வைப்பார்கள். அந்தப் பெயர்களும் பெரும்பாலும் சாமி பெயர்கள். ஆகவே ஒரு சில பெயர்களே தலைமுறைதோறும் சுற்றிச் சுற்றி வரும். ஒருவரை இன்னொருவரிடமிருந்து பிரித்துக் காட்டும் வேலையை இனிஷியல்தான் செய்கிறது. டி.ஆரின் 'டி' கரூர்ப் பக்கத்துத் திருக்காம்புலியூர். எம்.ஜி. என்பது மருதூரும் கோபாலனும். ஊரும் அப்பாவும் இரண்டே எழுத்தில் அடங்கிவிடுகிறார்கள்.

கோபாலசமுத்திரம் நாராயணன் மகன் ராமச்சந்திரனும் உண்டு. ஜி.என். ராமச்சந்திரன் என்ற அவர் 1922-இல் எர்ணாகுளத்தில் பிறந்தவர். முப்பது வயது ஆவதற்குள் சென்னைப் பல்கலைக்கழக இயற்பியல் துறையின் தலைவர் ஆனார். தோலிலும் எலும்பிலும் தசைநாணிலும் இருக்கும் கொலாஜன் என்ற புரதம், மூன்று இழைகள் முறுக்கிக்கொண்ட கயிறு போன்ற அமைப்புடையது என்று கோபிநாத் கர்த்தாவுடன் சேர்ந்து 1954-இல் சொன்னவர் அவர்தான். அடுத்துச் செய்தது அதைவிடப் பெரியது. புரதச் சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியிலும் இரண்டு திருப்பங்கள் உண்டு. அந்தத் திருப்பங்கள் எந்தக் கோணத்தில் வேண்டுமானாலும் இருக்க முடியாது. சில கோணங்களில் அணுக்கள் ஒன்றோடொன்று இடித்துக்கொள்ளும். எது முடியும், எது முடியாது என்பதை ஒரே சதுரக் கட்டத்துக்குள் வரைந்து காட்டிவிடலாம். சி. ராமகிருஷ்ணன், வி. சசிசேகரன் ஆகியோருடன் சேர்ந்து 1963-இல் அவர் வெளியிட்ட அந்த வரைபடத்துக்கு உலகம் முழுவதும் 'ராமச்சந்திரன் வரைபடம்' என்று பெயர். புதிதாக ஒரு புரதத்தின் வடிவத்தைக் கண்டுபிடிப்பவர்கள் இன்றும் அதை வைத்துத்தான் தங்கள் விடை சரிதானா என்று பார்க்கிறார்கள். அதெல்லாம் நடந்தது கிண்டியில்.

உயிர்வேதியியல் பாடப்புத்தகத்தில் இனிஷியல் இல்லாமல் 'ராமச்சந்திரன்' என்றாலே அவர்தான். மூளையைப் பற்றிப் படிப்பவர்களுக்கோ அதே சொல் வி.எஸ். ராமச்சந்திரனைக் குறிக்கும். சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்து கலிபோர்னியாவில் பேராசிரியரான அவர், துண்டிக்கப்பட்ட கையில் வலி எடுப்பதாகத் துடிப்பவர்களுக்கு ஒரு சாதாரணக் கண்ணாடிப் பெட்டியை வைத்து நிவாரணம் காட்டியவர்.

இனிஷியல் நேற்று வந்தது. பிரித்துச் சொல்லும் பழக்கம் மிகப் பழையது. உ.வே. சாமிநாதையர் 1894-இல் பதிப்பித்த புறநானூற்றைப் புரட்டினால், பாடல்களின் அடிக்குறிப்புகளிலேயே அது தெரியும். கிள்ளிவளவன் என்ற பெயரில் சோழர் ஒருவருக்கு மேல் இருந்திருக்கிறார்கள். ஒருவர் 'குளமுற்றத்துத் துஞ்சிய கிள்ளிவளவன்', இன்னொருவர் 'குராப்பள்ளித் துஞ்சிய கிள்ளிவளவன்'. எந்த இடத்தில் இறந்தார் என்பதே அடையாளம். பாண்டியரிலும் அப்படித்தான்: ஒரு நன்மாறன் சித்திரமாடத்தில் துஞ்சியவர், மற்றவர் இலவந்திகைப்பள்ளியில் துஞ்சியவர். புலவர்களுக்கு ஊரும் தொழிலும் அப்பாவும் முன்னால் நிற்கும். சாத்தனார்கள் எத்தனை பேர்! மதுரையில் தானியம் விற்ற சீத்தலைச் சாத்தனார், ஆவூர் மூலங்கிழார் மகனார் பெருந்தலைச் சாத்தனார், ஆடுதுறை மாசாத்தனார், ஒக்கூர் மாசாத்தனார். அதே ஒக்கூரில் மாசாத்தியார் என்ற பெண்பாற் புலவரும் உண்டு. பாடல்களைத் தொகுத்தவர்கள் இந்த அடைமொழிகளை விடாமல் எழுதி வைத்ததால்தான் இரண்டாயிரம் ஆண்டுகளுக்குப் பிறகும் இவர்கள் தனித்தனி மனிதர்களாக நிற்கிறார்கள்.

அப்படி ஓர் அடைமொழி வாய்க்காதவர் ஔவையார். அதியமான் நெடுமான் அஞ்சியின் அவையில் இருந்தவர், அவனுக்காகத் தொண்டைமானிடம் தூது போனவர், போரையும் கள்ளையும் பிரிவையும் பாடியவர் சங்க கால ஔவை. ஆத்திசூடியும் கொன்றைவேந்தனும் பாடியவர் பல நூற்றாண்டுகள் பிந்தியவர் என்பது இலக்கிய வரலாற்று ஆய்வாளர்கள் பொதுவாக ஒப்புக்கொண்ட செய்தி. ஊர்ப்பெயரும் இல்லை, தந்தை பெயரும் இல்லை; ஆகவே மக்கள் மனத்தில் எல்லா ஔவைகளும் ஒருவரே ஆகிவிட்டார்கள். 1953-இல் ஜெமினி தயாரித்த 'ஔவையார்' படத்தில் கே.பி. சுந்தராம்பாள் நடித்தது அந்த ஒற்றை மூதாட்டியாகத்தான். மெரினாவில் 1968-இல் வைத்த சிலையும் அவரே. பாட்டியை நேசிப்பதில் தவறு ஒன்றும் இல்லை. ஆனால் குறுந்தொகையில் காதல் நோயைச் சுவரில் முட்டிக்கொள்ளும் வேகத்தோடு பாடிய ஔவையைப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளில் எத்தனை பேர் சந்திக்கிறார்கள்? ஒரே பெயர் இரண்டு பெரிய கவிஞர்களைச் சேர்த்துக் கட்டி, அவர்களில் ஒருவரை ஏறக்குறைய மறைத்தே விட்டது.

சினிமாவில் இதே கதி எஸ்.டி. சுப்புலட்சுமிக்கு நேர்ந்தது. எம்.கே. தியாகராஜ பாகவதர் அறிமுகமான 'பவளக்கொடி'யில் (1934) கதாநாயகி அவர்தான். இயக்கியவர் கே. சுப்ரமணியம், பின்னர் அவரையே எஸ்.டி. மணந்தார். அதே சுப்ரமணியம்தான் 1938-இல் 'சேவாசதனம்' எடுத்து, மதுரையிலிருந்து வந்த இன்னொரு சுப்புலட்சுமியை, எம்.எஸ்.ஸை, திரைக்குக் கொண்டுவந்தார். அடுத்த வருடம் 'தியாகபூமி'. கல்கியின் கதை ஆனந்த விகடனில் தொடராக வரும்போதே படத்தின் ஸ்டில்களும் அதனோடு அச்சாயின. கைவிட்ட கணவன் சேர்ந்து வாழச் சொல்லி நீதிமன்றம் வருகிறான். வேண்டுமானால் நான் ஜீவனாம்சம் தருகிறேன் என்று சொல்லும் சாவித்திரியாக எஸ்.டி. நடித்தார். 1939-இல் ஒரு பெண் திரையில் அப்படிப் பேசுவது சாதாரணக் காரியமா? பிரிட்டிஷ் அரசு அந்தப் படத்துக்குத் தடை போட்டது. எம்.எஸ். நான்கே தமிழ்ப் படங்களோடு சினிமாவை விட்டு, இசையில் எட்டாத உயரத்துக்குப் போனார். அவருடைய 'எம்.எஸ்.' மதுரையும் தாய் சண்முகவடிவும். அந்த இரண்டு எழுத்து அவருக்கு முழுப் பெயராகவே ஆகிவிட, எஸ்.டி. என்ற இரண்டு எழுத்தைப் பழைய படம் பார்ப்பவர்கள் மட்டும் நினைவில் வைத்திருக்கிறார்கள்.

கிருஷ்ணன்களைச் சொல்லி முடியாது. சிவாஜி கணேசனின் முதல் படமான 'பராசக்தி'யை 1952-இல் இயக்கிய இரட்டையர் கிருஷ்ணன்–பஞ்சு. அதே வருடக் கடைசியில் வந்த அவரது 'பணம்' படத்தை இயக்கியவர் கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணன். இரண்டுக்கும் வசனம் மு. கருணாநிதி. அந்த நாட்களில் டெல்லியில் தேசிய இயற்பியல் ஆய்வுக்கூடத்தின் முதல் இயக்குநராக இருந்தவர் வத்திராயிருப்பில் பிறந்த கே.எஸ். கிருஷ்ணன். 1960-இலும் 1961-இலும் விம்பிள்டன் அரையிறுதி வரை போனவர் ராமநாதன் கிருஷ்ணன்.

ஒரே துறையில், ஒரே ஊரில், ஒரே காலத்தில் இருந்த இருவர் என்றால் பாலசந்தர்கள்தான். பாட்டே இல்லாத தமிழ்ப் படமான 'அந்த நாள்' (1954) கே. பாலசந்தர் எடுத்தது என்று நம்புகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அந்த வருடம் கே. பாலசந்தர் சென்னை ஏ.ஜி. ஆபீசில் உத்தியோகம் பார்த்துக்கொண்டு நாடகம் போட்டுக்கொண்டிருந்த இளைஞர். படத்தை இயக்கியவர் எஸ். பாலசந்தர். இரண்டாம் உலகப் போரில் சென்னையில் குண்டு விழுந்த காலத்தில் ஒரு கொலை. ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாகச் சொல்லும் கதை. கதாநாயகனே தேசத் துரோகி. கேசட் காலத்திலும் ஓ.டி.டி. காலத்திலும் அந்தப் படம் புதிதாகவே இருக்கிறது. 'பொம்மை' (1964) எடுத்தவரும் அவரே. யேசுதாஸின் தமிழ்த் திரைப் பயணம் அதிலிருந்துதான் ஆரம்பம். குருவிடம் போகாமல் தானே வீணை கற்று, அந்த வாத்தியத்தின் மேதைகளில் ஒருவராக உயர்ந்தவர் எஸ். பாலசந்தர். கே. பாலசந்தர் 1965-இல் 'நீர்க்குமிழி' மூலம் இயக்குநர் ஆனார். அப்போதிலிருந்து ரசிகர்கள் இவரை கே.பி. என்றும் அவரை 'வீணை' பாலசந்தர் என்றும் சொல்லத் தொடங்கினார்கள். வாத்தியத்தைக் கொண்டு பெயரைப் பிரித்தது வசதிதான். ஆனால் அந்த வசதியில் எஸ். பாலசந்தர் என்ற துணிச்சலான இயக்குநர் காணாமல் போனார்.

இனிஷியலும் கைகொடுக்காத இடம் ஒன்று உண்டு. சர் சி.வி. ராமனின் 'சி' அவருடைய அப்பா சந்திரசேகரன். ராமனின் அண்ணன் சுப்ரமணியத்துக்கு 1910-இல் பிறந்த மகனுக்குத் தாத்தாவின் பெயரை வைத்தார்கள். ராமனின் தங்கை குடும்பத்தில் 1930-இல் பிறந்த பையனுக்கும் சந்திரசேகர் என்றே பெயர். அவருடைய அப்பா சிவராமகிருஷ்ணன். ஆக, இருவருமே எஸ். சந்திரசேகர். இருவருக்கும் ராமன் நெருங்கிய உறவு. ஒருவருக்குச் சித்தப்பா, இன்னொருவருக்குத் தாய்மாமா. இருவரும் இயற்பியலாளர்கள். இருவரும் லண்டன் ராயல் சொசைட்டியின் உறுப்பினர்கள். இருவருக்கும் அந்தச் சங்கத்தின் ராயல் பதக்கம் கிடைத்தது, ஒருவருக்கு 1962-இல், மற்றவருக்கு 1994-இல்.

மூத்தவரை உலகம் அறியும். சென்னை மாநிலக் கல்லூரியில் படித்து, 1930-இல் கப்பலில் இங்கிலாந்து போகும் வழியில் போட்ட கணக்கு, செத்துப்போகும் நட்சத்திரங்களின் எடைக்கு ஓர் எல்லை இருப்பதைக் காட்டியது. சூரியனைப் போல் சுமார் 1.4 மடங்கு என்ற அந்த அளவுக்கு 'சந்திரசேகர் எல்லை' என்று பெயர். 1983-இல் நோபல் பரிசு. 1999-இல் நாசா விண்ணுக்கு அனுப்பிய எக்ஸ்ரே தொலைநோக்கிக்கு அவர் நினைவாக 'சந்திரா' என்று பெயரிட்டார்கள்.

இளையவர் பெங்களூரில் ராமன் ஆய்வு நிறுவனத்தில் வேலை செய்தார். திரவமாக ஓடவும், படிகத்தின் ஒழுங்கோடு நிற்கவும் செய்யும் திரவப் படிகங்கள் அவரது துறை. அதுவரை குச்சி வடிவ மூலக்கூறுகள்தாம் அப்படி நடந்துகொள்ளும் என்று நினைத்தார்கள். தட்டு வடிவ மூலக்கூறுகளும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டு திரவப் படிகம் ஆக முடியும் என்று அவரும் சக ஆய்வாளர்களும் 1977-இல் காட்டினார்கள். எல்.சி.டி. திரையைப் பக்கவாட்டில் இருந்து பார்த்தாலும் படம் மங்காமல் தெரிய உதவும் மெல்லிய படலங்களில் இப்படிப்பட்ட தட்டு மூலக்கூறுகள் பயன்பட்டன. இவ்வளவு செய்தவரின் பெயரை இணையத்தில் தேடினால் முதலில் வந்து நிற்பவர் அவருடைய மாமா மகன்தான்.

இன்று ஆராய்ச்சியாளர்களுக்கு 16 இலக்கம் கொண்ட 'ஆர்கிட்' என்ற அடையாள எண் உண்டு. 2012-இல் நடைமுறைக்கு வந்தது. அது வருவதற்கு முன்பே மூத்தவர் 1995-இலும் இளையவர் 2004-இலும் காலமாகிவிட்டார்கள். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகப் பதிப்பகம் 1977-இல் வெளியிட்ட திரவப் படிகங்கள் பற்றிய நூலின் ஆசிரியர் பெயர் எஸ். சந்திரசேகர். நூலகப் பட்டியலில் பெயருக்குப் பக்கத்தில் 1930 என்ற பிறந்த ஆண்டைப் போட்டுத்தான் அதை எழுதியவர் இளையவர் என்று காட்ட வேண்டியிருக்கிறது.