உங்களுக்குத் தெரியுமா? சுங்கை சிப்புட்டில் தொடங்கிய அவசரகாலம்

1948 ஜூன் 16 அன்று, பேராக் மாநிலம் சுங்கை சிப்புட் வட்டாரத்து ரப்பர் தோட்டங்களில் மூன்று வெள்ளைக்காரத் துரைகள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். இரண்டே நாளில் மலாயா முழுவதும் அவசரகாலம். யாரையும் விசாரணையின்றிச் சிறை வைக்கும் அதிகாரம் அரசின் கைக்கு வந்தது. 1960 ஜூலை 31இல் அவசரகாலம் முடிந்தது. மறுநாளே, அதே அதிகாரத்தைத் தரும் இசா எனும் உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டம் அமலானது. 2007 டிசம்பரில் அந்தச் சட்டத்தின் கீழ், இந்தியர் உரிமை இயக்கமான இண்ட்ராஃபின் தலைவர்கள் ஐவர் அடைக்கப்பட்ட கமுந்திங் முகாமும் பேராக்கில்தான் இருக்கிறது.

2008இல் ம.இ.கா. தலைவர் சாமிவேலுவைத் தோற்கடித்து சுங்கை சிப்புட் நாடாளுமன்ற உறுப்பினரானவர் டாக்டர் ஜெயகுமார் தேவராஜ். 2011 ஜூனில், ஆளுங்கட்சி ஓய்வு பெறட்டும் என்ற பிரசாரத்துக்காகப் பேருந்தில் போன மலேசிய சோசலிசக் கட்சியினர் 30 பேரில் ஒருவராக அவரும் கைதானார். கைப்பற்றப்பட்டவை மலாயா கம்யூனிஸ்ட் தலைவர்களான சின் பெங், ரஷீத் மைடின் படம் போட்ட டி-சட்டைகள். சுமத்திய பழியோ மாமன்னருக்கு எதிராகப் போர் தொடுக்க முயன்றது! ஜெயகுமார் உட்பட அறுவரை 1969இல் மீண்டும் வந்த அவசரகாலத்தின் சட்டத்தில் தனித்தனியே அடைத்தார்கள். அந்தச் சட்டப்படி போலீஸ் 60 நாள் வைத்திருக்கலாம். பிறகு அமைச்சர் ஒரு கையெழுத்தில் இரண்டு ஆண்டு நீட்டிக்கலாம். நீதிமன்றத்தில் குற்றத்தை நிரூபிக்கத் தேவையே இல்லை. மக்கள் தேர்ந்தெடுத்த ஒரு மருத்துவருக்கே இதுதான் கதி என்றால், கேட்க நாதியற்ற தோட்டத்து இளைஞனின் நிலை என்ன?

நாடெங்கும் எதிர்ப்பு எழ, அந்தச் சட்டத்தில் அடைத்த 28 நாளில், ஜூலை 29இல், அறுவரையும் விடுவித்தார்கள். 2012இல் அந்த அவசரகாலச் சட்டம் காலாவதியானது; இசாவும் ரத்தானது. இசாவின் இடத்தில் வந்த சொஸ்மா எனும் பாதுகாப்புக் குற்றங்கள் சட்டம், விசாரணைக்காக ஒருவரைப் போலீஸ் 28 நாள் வரை தடுத்துவைக்க இடம் தருகிறது.